மனச்சோர்வில் இருக்கும் மாணவரை வகுப்பறையில் தாங்கிப் பிடிப்பது எப்படி?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரமாகக் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஸ்டாஃப் ரூமில் இரண்டு விதமாகப் பேச்சு வரும். "எல்லாம் திமிரு, போனைப் பிடுங்கி வச்சா சரியாயிரும்" என்பது ஒன்று. "பாவம், வீட்ல ஏதோ பிரச்சினை போல, விட்ருங்க சார்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் கெடுதல்தான். தன்னை விட்டுவிட்டார்கள் என்பதை அந்தப் பையன் இரக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டான். 'நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்' என்று அவன் மனம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு டீச்சரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கிற வேலையின் அளவைக் குறைக்க வேண்டும், கேட்பதை மட்டும் நிறுத்தவே கூடாது. அதை நாற்பது, ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதியிருக்கிறோம்.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

ஒருநாள், இரண்டு நாள் வாட்டத்தை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்று சொல்வதில்லை. மனம் சோர்ந்தே கிடப்பது, முன்பு பிடித்த விஷயங்களில் நாட்டம் போய்விடுவது, இந்த இரண்டில் ஒன்றாவது நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட தினமும், குறைந்தது 2 வாரம். கூடவே தூக்கம் கெடும், பசி மாறும், உடம்பு அசதியாக இருக்கும், படிப்பில் கவனம் நிற்காது, எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வரும், சாவைப் பற்றிய நினைப்பும் வரலாம். வளரும் பிள்ளைகளிடம் ஒரு வித்தியாசம் உண்டு. பல பேரிடம் சோகம் வெளியே தெரியாது, எரிச்சல்தான் தெரியும். தொட்டதற்கெல்லாம் சண்டை போட்டு, வாரம் ஒருமுறை ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற பையனும் மனச்சோர்வில் இருக்கலாம்.

வகுப்பாசிரியர் கையில் இருக்கிற நல்ல கருவி பிள்ளையின் நோட்டு. ஜூன், ஜூலைப் பக்கங்களையும் இந்த வாரப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கையெழுத்து தளர்ந்திருக்கும். போர்டில் இருந்து எழுதியது நான்காவது வரியில் நின்றிருக்கும். தேதி போட்டுத் தலைப்பு எழுதியதோடு விட்ட பக்கங்கள் வரிசையாக வரும். வகுப்புக்கு வெளியே பார்க்க வேண்டியது மதியச் சாப்பாட்டையும் பி.டி. பீரியடையும். டிபன் பாக்ஸைத் திறக்காமலே பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுவது, கபடிக்கு முதல் ஆளாக நின்றவன் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுவது, திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி, தலைவலி என்று லீவு போடுவது. கேள்வி கேட்டால் பதில் வரவே பத்து நொடி ஆகும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் வேகமே குறைந்திருக்கிறது.

நன்றாகப் படிக்கிற பெண்பிள்ளைகளிடம் இது கண்ணில் படாமலே போய்விடும். மார்க் குறையாது. எழுதியதை அழித்து அழித்து எழுதுவாள், ஒரு மார்க் போனதற்கு அழுகை நிற்காது, தோழிகளோடு சாப்பிட உட்கார மாட்டாள். மார்க் இருக்கிறதே என்று இவர்களை விட்டுவிடுகிறோம்.

நம் மதுரைப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்து பூ எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவார்கள். முதல் இரண்டு பீரியடும் கண் சொக்கும். ஆனால் அந்தப் பிள்ளை இன்டர்வெலில் விளையாடும், சிரிக்கும், சாப்பிடும். மனச்சோர்வில் இருக்கிற பிள்ளைக்கு விளையாட்டு மைதானத்திலும் முகம் தெளியாது. ரத்தசோகையும் இதே மாதிரி அசதியைக் கொடுக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நகமும் உதடும் வெளிறிக் கிடக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு குறைபாடும் சோர்வாகத்தான் தெரியும். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

நோய் இன்னது என்று பெயர் வைப்பது ஆசிரியர் வேலை இல்லை. கண்ணால் பார்த்ததைத் தேதியோடு ஒரு சின்ன டைரியில் குறித்து வைப்பது போதும். "மந்தமாக இருக்கிறான்" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. "12-ம் தேதி, இரண்டாவது பீரியடில் மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை, மதியம் சாப்பிடவில்லை" என்று எழுதுங்கள். பின்னால் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி எப்போதிருந்து என்பதுதான். அந்த டைரி உங்கள் பையிலோ பூட்டிய அலமாரியிலோ இருக்கட்டும். அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் ஓரத்தில் எழுதினால் லீடர் முதல் எல்லோரும் படிப்பார்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

இடம்: வராண்டா கோடி, மரத்தடி. மற்றவர்கள் கண்ணில் படுகிற, காதில் விழாத இடமாகப் பாருங்கள். பூட்டிய அறை வேண்டாம். ஸ்டாஃப் ரூமும் வேண்டாம், அங்கே நான்கு பேர் சேர்ந்து அறிவுரை சொல்ல ஆரம்பிப்பார்கள். நேரம்: காலை இன்டர்வெல் அல்லது மதியம். கடைசி பீரியடில் மனதைக் கிளறிவிட்டு பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. பேசிய பிறகு அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரமாவது உங்கள் பார்வையில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் போதும்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று தொடங்கினால் விசாரணை மாதிரி இருக்கும். பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள்:

"தம்பி, ரெண்டு வாரமா நீ மதியம் சரியா சாப்பிடல. கபடிக்கும் வர்றதில்ல. திட்டக் கூப்பிடல. எப்படி இருக்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். இந்த மௌனம் ஆசிரியர்களுக்குச் சிரமம். பேசிப் பேசியே பழகிவிட்டோம். பெரும்பாலும் வருகிற முதல் பதில் "ஒண்ணுமில்ல சார்" என்பதுதான். அதற்கு, "சரிப்பா. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. வியாழக்கிழமை இதே நேரத்துக்கு இன்னொருக்கா கேப்பேன்" என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை கட்டாயம் கேளுங்கள். கேட்பேன் என்று சொல்லிவிட்டு மறந்தால், கேட்காமலே இருந்ததைவிட மோசம்.

நம் ஊரில் மிக எளிதாக வாயில் வருகிற வாக்கியம் ஒன்று உண்டு: "அப்பா அம்மா வெயில்ல எவ்வளவு கஷ்டப்படுறாங்க, அதை நெனச்சுப் பாத்தியா?" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் குற்றவுணர்வு இந்த நோயின் ஓர் அறிகுறி. வீட்டுக்குத் தான் ஒரு பாரம் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த வாக்கியம் எண்ணெய் ஊற்றும். "எங்க காலத்துல நாங்க", "எல்லாம் மனசுதான் காரணம், தைரியமா இரு" என்பவையும் வேண்டாம். "கஷ்டமாத்தான் இருக்கும்போல. சொன்னது நல்லதாப் போச்சு" என்பதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் தேவைப்படாது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். அப்பவும் யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது தவறாகத் தொட்டார்கள், பாலியல் தொல்லை கொடுத்தார்கள் என்று பிள்ளை சொன்னால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் அடுத்து என்ன என்று வழிகாட்டுவார்கள். அந்த விவரங்களை நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாடவேலையைக் குறைக்கும் விதம்

மனச்சோர்வில் முதலில் அடிவாங்குவது ஒரு வேலையைத் தொடங்குகிற சக்தி. அடுத்தது, படித்ததைச் சில நொடி மனதில் நிறுத்தி வைக்கிற திறன். போர்டைப் பார்த்து எழுதுவதற்கு இரண்டும் வேண்டும்: பார்க்க வேண்டும், மனதில் பிடிக்க வேண்டும், குனிந்து எழுத வேண்டும், நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேட வேண்டும். அதனால்தான் அது நான்காவது வரியில் நின்றுபோகிறது. எழுதிய நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பார்த்து எழுதுவதால் பாடம் ஏறிவிடப் போவதில்லை, அதைத் தள்ளுபடி செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கணக்கு பீரியடை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொடர் வரிசையில் மற்ற பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு என்றால் இவனுக்கு மூன்று. முதல் கணக்கை நீங்களே பாதி எழுதிக் கொடுங்கள்: வரிசை 3, 7, 11... முதல் உறுப்பு 3, பொது வித்தியாசம் 4, 20-ஆவது உறுப்பு = 3 + (19 × 4) = ____. அவன் செய்ய வேண்டியது ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். 79 என்று எழுதினால் ஒரு கணக்கு முடிந்தது. அதை எழுதுகிற ஒரு நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள், தொடக்கம்தான் அவனுக்கு மலை. இரண்டாவது கணக்கில் பொது வித்தியாசத்தையும் அவனே கண்டுபிடிக்கட்டும். மூன்றாவது முழுக்க அவனுடையது. அந்தப் பீரியட் முடிவதற்குள் திருத்திக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் பயன் போய்விடும். 'நன்று' என்று எழுதுவதைவிட, "19 எப்படி வந்துச்சுன்னு சரியாப் பிடிச்சிருக்க" என்று சொல்வது நிற்கும்.

மூன்றுக்கு ஒன்றுதான் செய்தான் என்றால், மறுநாள் மூன்றையே கொடுங்கள். ஐந்து நாளும் மூன்றையும் முடித்துவிட்டால் நான்காக்குங்கள். ஒரு நல்ல நாளைப் பார்த்துவிட்டு நேராகப் பத்துக்குத் தாவுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. இந்த நோயில் நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும். "நேத்து செஞ்சியே, இன்னைக்கு என்ன?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது.

லீவு போட்ட பிள்ளை திரும்ப வராமல் போவதற்குப் பெரிய காரணம் பாக்கி. எழுதாத நோட்டு, வரையாத ரெக்கார்டு, கொடுக்காத ஹோம் ஒர்க், எழுதாத டெஸ்ட் எல்லாம் ஐந்து பாடத்திலும் சேர்ந்து நிற்கும். ஒருநாள் கூடினால் பாக்கியும் கூடும், பாக்கி கூடினால் அடுத்த நாளும் வரப் பயம். இந்தச் சுழலை வெட்டிவிட ஆசிரியரால் மட்டும்தான் முடியும். அரைத் தாளில் இரண்டு பகுதி போடுங்கள். மேலே, 'இனி செய்ய வேண்டாம்' என்று தள்ளுபடி செய்தவை. கீழே, 'இந்த வாரம்' என்று மூன்று வேலை, மூன்றுக்கு மேல் கிடையாது. தள்ளுபடி செய்ததைப் பிறகு எந்த ஆசிரியரும் திரும்பக் கேட்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருப்பதால் ரெக்கார்டைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனால் ஒரே நாளில் முடி என்று சொல்லாமல் வாரத்துக்கு இரண்டு பரிசோதனை என்று பிரிக்கலாம். இம்போசிஷன் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐம்பது தடவை எழுதுவது இந்தப் பிள்ளைக்குத் தண்டனைகூட ஆகாது. அது இன்னொரு பாக்கி.

ஸ்லிப் டெஸ்டில் புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகளை முதலில் எழுதச் சொல்லுங்கள். பேனா ஓடத் தொடங்கிவிடும். 25 மார்க் டெஸ்டை இரண்டு நாளாகப் பிரியுங்கள், அல்லது 15 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். திருத்திய பேப்பரை மடித்துக் கையில் கொடுங்கள். மார்க்கைச் சத்தமாக வாசிக்கிற பழக்கத்தை இந்த ஒரு பிள்ளைக்காகவாவது மொத்த வகுப்புக்கும் நிறுத்திவிடுங்கள்.

திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். அதற்காகக் கேட்காமலே இருந்துவிடவும் வேண்டாம். ஐந்து நிமிடம் முன்னால் பக்கத்தில் போய், "அடுத்து உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன், 42-ஆம் பக்கத்துல ரெண்டாவது பத்தி, பாத்தே சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

உட்காருகிற இடம்: இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நீங்கள் நடந்து போகிற பக்கம். முதல் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தால் காட்சிப்பொருள் ஆகிவிடும். பக்கத்தில் அமைதியான ஒரு நண்பன் இருந்தால் நல்லது. 'இவனைப் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லு' என்று அந்த நண்பனை ஒற்றனாக்காதீர்கள், இருந்த ஒரே நட்பும் போய்விடும். தாங்க முடியாதபோது ரப்பரை மேஜை ஓரத்தில் நிமிர்த்தி வைத்தால், நீங்கள் தலையாட்டியதும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வரலாம் என்று ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு இருப்பதாகத் தெரிந்த பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது.

சின்னப் பொறுப்பு ஒன்று தினமும் கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மேப்பை மாட்டுவது மாதிரி ஐந்து நிமிடத்தில் முடிந்து கண்ணுக்குத் தெரிகிற வேலை. மனம் சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செய்யச் செய்யத்தான் மனம் கொஞ்சம் கொஞ்சமாக அசையும்; மனநல சிகிச்சையிலேயே இது ஒரு முறை. வகுப்பு லீடர் பதவி மாதிரி பெரிய பொறுப்பு இப்போது வேண்டாம்.

பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவதை நிறுத்துங்கள். ஓடியாடுவது மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த மருந்து வாரத்தில் இரண்டு பீரியட்தான் கிடைக்கிறது, அதையும் பிடுங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது என்று கூட்டம் போடுகிறோம். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ் இரண்டில் ஒன்றை இந்தப் பிள்ளைக்கு விலக்கிக் கொடுங்கள். தூங்காத மூளையில் எதுவும் நிற்காது.

"அவனுக்கு மட்டும் ஏன் சார் மூணு கணக்கு?" என்று வகுப்பில் கேள்வி வரும். "யாருக்கு எது தேவையோ அதைக் கொடுக்கிறேன். உனக்குத் தேவைன்னா நீயும் வந்து கேளு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். காரணத்தை விளக்கப் போகாதீர்கள். 'லூசு', 'மெண்டல்' என்ற சொற்களை வகுப்பில் யாரும் யாரையும் சொல்லக் கூடாது. இதில் ஆசிரியர்களுக்கும் விலக்கு இல்லை. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17 தடை செய்கிறது.

மற்ற ஆசிரியர்களுக்கு என்ன சொல்வது? செய்ய வேண்டியதை மட்டும். "போர்டைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டாம், முன்னால் சொல்லாமல் கேள்வி கேட்க வேண்டாம், பேப்பரை மடித்துக் கொடுக்கவும்" என்று மூன்று வரி. வீட்டுக் கதை ஸ்டாஃப் ரூமுக்கு வரக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாட ஆசிரியர்களிடம் கேட்டு அந்த மூன்று வரியை மாற்றுங்கள்.

வீட்டாரிடம்

பெற்றோர் கூட்டத்தில், பத்துப் பேர் நடுவில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர்களை வேலை நாளில் வரச் சொன்னால் ஒருநாள் கூலி போகும், அந்தக் கோபம் பிள்ளை மேல் இறங்கும். ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஆறு மணிக்கு மேலோ கேட்டுக்கொண்டு பேசுங்கள். அம்மா திருப்பூரிலும் அப்பா வெளிநாட்டிலும் இருந்தால் பேச வேண்டியது அப்பத்தாவிடம். 'மனநோய்' என்ற சொல்லோடு தொடங்க வேண்டாம். "அம்மா, பாப்பா ஒரு மாசமா சரியா சாப்பிடல, ராத்திரி தூங்குதாங்களா? முன்னாடி மாதிரி இல்ல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருவோம்" என்றால் காது கொடுப்பார்கள்.

"காத்து கருப்பு பட்டிருக்கு, பாண்டி கோயிலுக்கு வேண்டியிருக்கோம்" என்று சொன்னால் மறுத்து வாதாடாதீர்கள். வாதாடினால் கோயிலும் டாக்டரும் எதிர் எதிர் ஆகிவிடும். "கோயிலுக்கும் போயிட்டு வாங்கம்மா, டாக்டரையும் பாருங்க, ரெண்டும் நடக்கட்டும்" என்று சொல்லுங்கள். ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது.

எங்கே போவது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் வெளிநோயாளி சீட்டுப் போட வேண்டும், பணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் வருவார். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று ஒரு போன் போட்டுக் கேட்டு ஸ்டாஃப் ரூம் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் பேச 14416. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.

"மாத்திரை போட்டா அடிமையாயிருவாளா?", "நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். லேசான சோர்வுக்குப் பெரும்பாலும் ஆலோசனைதான் முதலில். மாத்திரை தேவைப்பட்டாலும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் போதையாகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. குணம் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், தெளிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறார்கள். அல்லது இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டாள் என்று நிறுத்துகிறார்கள். முதல் சில வாரங்களில் படபடப்பு கூடினாலோ சாவுப் பேச்சு வந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு நீங்களும் வகுப்பில் கவனியுங்கள்.

குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாதான் காரணம் என்று பிள்ளை சொல்லியிருந்தால், அப்பாவைக் கூப்பிட்டு அதை விசாரிக்காதீர்கள். அன்றிரவு அடி இரட்டிப்பாகும். அம்மா, பாட்டி, சித்தி, தாய்மாமன் என்று நம்பிக்கையான ஒருவரைப் பிள்ளையிடமே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். 1098 இதற்கும் உண்டு.

சாக வேண்டும் என்ற நினைப்பு தெரிந்தால்

ஆசைப்பட்டு வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடைபெறுகிற மாதிரி எழுதுவது, "நான் இல்லாட்டி உங்களுக்குத் தொல்லை இல்லை" என்று சொல்வது, வாரக்கணக்கில் வாடிக் கிடந்த பிள்ளை திடீரென்று காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே கேளுங்கள், நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டவரிடம் பிள்ளை மனதை இறக்கி வைக்கிறது, அதுதான் நடக்கும். ஆமாம் என்றால், "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? இன்னைக்கு அந்த நினைப்பு இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், பாவம் புண்ணியம் பேசாதீர்கள்.

அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, பாத்ரூமுக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட வேண்டும். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் நேரில் வந்து கூட்டிப்போக வேண்டும். லெட்டர் கொடுத்துத் தனியாக பஸ்ஸில் அனுப்பவே கூடாது. காத்திருக்கிற நேரத்தில் 14416-க்குப் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108. ராஜாஜி மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் உண்டு.

அழைத்துப்போக வருகிறவரிடம் ஒரு விஷயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: வீட்டில் இருக்கிற பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் எல்லாம் இன்றைக்கே பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். ஒளித்து வைப்பது போதாது, பிள்ளைக்கு வீட்டில் தெரியாத இடம் இருக்காது. பூட்டி வைக்க வேண்டும், அல்லது வேறு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். இந்த எண்ணம் உச்சத்தில் இருக்கிற நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கையில் எதுவும் கிடைக்காமல் போவதே பல உயிர்களைக் காக்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கிற குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115-இன்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார் என்று சொல்லுங்கள்.

திரும்பப் பள்ளிக்கு வருகிற முதல் நாள், கேட் அருகில் பழக்கமான ஒரு ஆசிரியர் நிற்கட்டும். "வாப்பா, சாப்டியா?" போதும். வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடம் முன்பே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். "உடம்பு சரியில்லை" என்று சொல்லச் சொன்னால் அதையே சொல்லுங்கள். முதல் வாரம் அரைநாள் வந்தாலும் வரட்டும். தள்ளுபடித் தாளை அன்றே கையில் கொடுங்கள்.

மே மாதமும் ஜூன் மாதமும்

பொதுத்தேர்வு முடிவு வருகிற காலையில் உங்கள் கையில் ஒரு சின்னப் பட்டியல் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கவனித்த பிள்ளைகள், முதல் ரேங்க் எதிர்பார்த்து இறுகிக் கிடக்கிற பிள்ளைகள், 35 எடுப்பார்களா என்ற சந்தேகத்தில் இருக்கிறவர்கள். முடிவு வருவதற்கு முதல் நாளே ஒருமுறை போன் செய்து, "மார்க் எப்படி இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லுங்கள். வந்ததும் நீங்களே கூப்பிடுங்கள், பிள்ளையிடம் பேசிவிட்டு வீட்டுப் பெரியவரிடமும் பேசுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், தேறினால் அதே ஆண்டில் மேலே சேரலாம் என்பதைப் பெற்றோரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டில் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மனச்சோர்வு ஒருமுறை வந்து போனால் திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த வகுப்புக்கு ஒப்படைப்பது முக்கியம். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஜூனில் புது வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்: எது உதவியது, எது கெடுத்தது, முதலில் தெரிகிற அறிகுறி எது, வீட்டில் யாரிடம் பேசலாம். அந்தச் சந்திப்பில் பிள்ளையும் இருந்தால் நல்லது. "போன வருஷம் ரப்பரை நிமிர்த்தி வைப்பேன் சார்" என்று அவனே சொல்லட்டும். காலாண்டு விடுமுறைக்குள் இரண்டு தடவை பழைய ஆசிரியர் புது ஆசிரியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.